பேராண்டி படம் போடுதான்

ஏலே பேராண்டி, ஆபீஸ்ல என்னடே வேலைன்னு கேட்டா, கட்டமும் அம்பும் போடுதேன்னு சொல்லுத. அதுக்கும் மாசாமாசம் சம்பளம் தாரான்னா நல்ல கம்பெனிதான். லீவுக்கு வந்தப்போ புஸ்தகத்த விரிச்ச மேனிக்கே மூஞ்சில கவுத்திக்கிட்டு ஒறங்குனியே, மெல்ல உருவி எடுத்து நான் வாசிச்சுப்புட்டேன். நீயும் எப்பவாவது வாசி.

வேலை நடக்குத வழியப் படமாப் போட பி.பி.எம்.என்.னு ஒரு சங்கதியாம்லா. 2004-ல மொதப் பதிப்பு, 2011-ல 2.0, 2013-ல ஐ.எஸ்.ஓ. முத்திரையும் குத்தியாச்சு. மெல்லிசு வட்டம்னா வேலை தொடங்குது, தடிச்ச வட்டம்னா முடியுது. முனை மழுங்குன கட்டம் டாஸ்க். சாய்சதுரம் கேட்வே. அதுக்குள்ள பெருக்கல் குறி இருந்தா ஒரு வழிதான் போகலாம், கூட்டல் குறி இருந்தா எல்லா வழியிலயும் ஒண்ணாக் கெளம்பணும். யாரு பாக்குத வேலைன்னு காட்ட நீட்டு நீட்டா ஸ்விம்லேன். கம்பெனிக்குள்ள லேன் விட்டு லேன் போனா முழுக்கோடு; வெளிக் கம்பெனிக்குப் போனா விட்டு விட்டுப் போடுத கோடு. சம்பந்தி வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பலாம், வேலை ஏவ முடியுமா? அந்த மாதிரிதான்.

இவ்வளவும் ஒனக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா, யாருட்ட கேட்டுப் போடணும்ங்கது. மேனேசர்ட்ட கேட்டா வேலை எப்படி நடக்கணுமோ அதைச் சொல்லுவாரு. அதுக்குப் பேரு டு-பி, அதையே, இப்ப நடக்குதத காட்டுத ஆஸ்-ஈஸ்னு தலைப்பு வச்சு நீ ஒட்டிருவ. டீ நேரத்துல கிளார்க்கம்மாட்ட கேளு. 'சார் லீவுன்னா போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு நாங்களே அனுப்பிருவோம்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லும் பாரு, அதைப் போடு படத்துல.

அந்த ஃபோர்ட் கத ஒண்ணுக்காகவே புஸ்தகத்துக்குக் குடுத்த காசு தகும். 1990-ல மைக்கேல் ஹாமர் ஹார்வர்ட் பத்திரிகைல எழுதுனது. 1980-கள் தொடக்கத்துல ஃபோர்ட்ல, சரக்கு குடுத்தவங்களுக்குப் பணம் பட்டுவாடா பண்ணவே வட அமெரிக்காவுல மட்டும் 500 பேருக்கு மேல. கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டா 20 சதவீதம் ஆளக் கொறைக்கலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கான். அப்புறம் மாஸ்டாவை எட்டிப் பாத்தா, அங்க அதே வேலைக்கு 5 பேரு! சின்னக் கம்பெனிதான், வாஸ்தவம். அதுக்காக இவ்வளவா?

ஃபோர்ட்ல ஆர்டர் நகல் ஒண்ணு, ஸ்டோர்ல சரக்கு எறங்குன சீட்டு ஒண்ணு, வித்தவன் அனுப்புன பில்லு ஒண்ணு. மூணையும் வச்சு 14 விவரம் ஒத்துப் பாக்கணும். ஒத்துப்போனாப் பணம். ஒத்துப்போகலேன்னா தேடு, எழுது, காத்திரு. அந்த 'ஒத்துப்போகலே'ங்க அம்புலதான் ஆபீசே குடியிருந்திருக்கு. அப்புறம் என்ன செஞ்சான்? பில்லே அனுப்பாதீயன்னுட்டான். ஆர்டர் கம்ப்யூட்டர்ல இருக்கும். லாரி வந்ததும் ஸ்டோர்க்காரன் பாத்து, சரியா இருந்தா எறக்குவான், இல்லேன்னா திருப்பி விட்டுருவான். எறக்குனா காசோலை தன்னால போகும். 14 விவரம் 3 ஆச்சு, ஆளு 75 சதவீதம் கொறைஞ்சுது. படத்துல பாத்தியன்னா, சாய்சதுரம் கணக்கு லேன்ல இருந்து லாரி நிக்குத எடத்துக்கு மாறிருக்கு, அம்புட்டுதான். அந்த ஆளுகளுக்கு என்ன ஆச்சுன்னு எந்தக் கட்டத்துலயும் இல்ல, அது வேற கத.

அதே புஸ்தகத்துல, கம்பெனி அமைப்பக் காட்ட ஆர்க்கிடெக்சர்னு சாக்மேன் போட்ட அட்டவணையவும் பாத்தேன். 1987-ல என்ன, எப்படி, எங்கன்னு மூணு கேள்விக்குத்தான் வெளக்கம் எழுதிருக்காரு. யாரு, எப்போ, ஏன்னு மத்த மூணும் 1992-லதான் சேந்திருக்கு. அங்கயாவது அஞ்சு வருசத்துல 'ஏன்' வந்துட்டு. ஒங்க ஆபீசுக்கு வந்துட்டாடே?

எந்த வேலைக்கு யாரு பொறுப்புன்னு பிரிச்சுக் காட்டுத ரேசி அட்டவணையும் அப்படித்தான். செய்யுதவன், பதில் சொல்லுதவன், யோசனை சொல்லுதவன், சேதி கேட்டுக்கிடுதவன். பதில் சொல்லுதவன் ஒரு வேலைக்கு ஒருத்தன்தான் இருக்கணும். ஆளு யாருன்னு கேட்டா எல்லாரும் செல்போனப் பாப்பானுவ. அந்தக் கட்டத்துல ஒன் பேரப் போட்டு வச்சிராத, கல்யாணம் ஆகுத வயசு.

திங்கக்கெழம படத்த எல்லாருக்கும் காட்டணும்லா? மேனேசர் பேரு இருக்க லேனை மட்டும் மத்ததவிட ரெண்டு வெரல் அகலமாப் போடு. அதுக்குள்ள கட்டம் எத்தனை இருக்குன்னு அவரு எண்ண மாட்டாரு.