பட்டறைக்காரர் செய்த பூச்சாடி

கோயமுத்தூரில் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் வீதிகளில் காலை பத்து மணிக்கு மேல் நடந்தால் இவரைப் பார்க்கலாம். பவுண்டரியிலோ பம்ப் கம்பெனியிலோ சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு டெஸ்டரும் இருக்கும். வேலைக்குப் போவதைத்தான் நிறுத்தியிருக்கிறாரே தவிர, கை நிற்கவில்லை. முதல் மாதம் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்க்கும் வாஷர் மாற்றினார். அடுத்த மாதம் கசியாத குழாயைக் கழற்றி, ஏன் கசியவில்லை என்று பார்த்தார். கிரைண்டர், கேட்டுக் கீல், எதிர்வீட்டு மோட்டார் எல்லாம் முடிந்து, இனிக் கழற்ற வீட்டம்மாவின் பொறுமைதான் பாக்கி என்றிருந்த சமயத்தில் அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டது.

லீவுக்கு வந்த மகள் வயிற்றுப் பேத்தி பிரிக்காமல் விட்டுப் போனது. காற்றில் காயும் களிமண், அரைக் கிலோ. சக்கரம் வேண்டாம், சூளை வேண்டாம், கையால் பிடித்துக் காய வைத்தால் போதும். "அப்பிச்சி, அதுல பிளவர் வாஸ் செய்யலாம்" என்று வீடியோ காலில் ஒரு வார்த்தை சொன்னாள். குழந்தை விளையாட்டுக்குச் சொன்னது இவர் காதில் வொர்க் ஆர்டராக விழுந்தது.

இதே மண்ணை வைத்து நகரத்துக் காபிக் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கிறார்கள். மனசை லேசாக்குங்கள், கை போன போக்கில் விடுங்கள் என்பதுதான் அங்கே பாடம். கை போன போக்கில் விட்டால் பட்டறையில் விரல் போய்விடும் என்று பழகிய மனிதருக்கு அதெல்லாம் ஒத்து வராது. ஒரு பிடி எடுத்தார், இறுக்கி அமுக்கினார், இரண்டாக ஒடிக்கப் பார்த்தார். மோல்டிங் மணலின் பதம் பார்க்கிற முறை அது. மணலோடு பெண்டோனைட் களிமண்ணும் தண்ணீரும் அளவாகச் சேர்ந்தால்தான் வார்ப்பு அச்சு நிற்கும். பிடி பட்டென்று ஒடிந்தால் பதம் சரி. காகிதக் கூழும் பசையும் கலந்த இந்த மண் ஒடியாமல் இழுபட்டது. "ஈரம் எச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் படம் வரைய உட்கார்ந்தார்.

மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், வாய் விட்டம், சுவர் கனம் ஆறு மில்லிமீட்டர். பாக்கெட்டில் 'காயும்போது சுருங்கும்' என்று போட்டிருந்தது. நூற்றுக்கு எத்தனை என்று போடவில்லை. அன்று முழுக்க அதே புலம்பல். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதற்கென்றே பேட்டர்ன் அடிக்கிற ஆசாரிகளிடம் கோடுகளைச் சற்று நீட்டிப் போட்ட தனி அளவுகோல் உண்டு. இந்த மண்ணுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லாமல் எப்படி விற்கிறார்கள்? கடைசியில் சரியாக 100 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டிக் காய வைத்து, மூன்றாம் நாள் வெர்னியர் காலிப்பரோடு போய் உட்கார்ந்தார். ஐந்தாறு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பூ வெக்கறதுக்குச் சாடி செய்யறீங்களா, ராக்கெட்டு உடறீங்களா?" என்றார் வீட்டம்மா. அரிசிம்பருப்பு தாளிக்கிற கரண்டி அம்மா கையில் இருந்ததால் இவரிடமிருந்து பதில் வரவில்லை.

சாடியை எழுப்பிய விதத்தைக் குறை சொல்ல முடியாது. மண்ணை உள்ளங்கையால் கயிறாக உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் கீறி, கரைத்த மண்ணைத் தடவி அழுத்தினால்தான் பிடிக்கும். மற்றவர்கள் முள்கரண்டியால் கீறுவார்கள். இவர் ஆக்சா பிளேடு வைத்தார். கரைக்க சிறுவாணித் தண்ணீர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைத் தீர்த்தத்துக்கு ஒரு படி மேலேதான் வைத்திருக்கிறார்கள்.

ஈரச் சாடியைக் கொண்டுபோய் மொட்டைமாடியில் வைத்தார். மாதம் ஆடி. மேற்கு மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதன் வழியே வருகிற காற்றில்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் சுற்றுகின்றன. அத்தனை பெரிய றெக்கையைத் திருப்புகிற காற்று ஒரு சாண் சாடியை என்ன செய்யும்? பொழுதோட போய்ப் பார்த்தால் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை விரிசல்.

மற்றவராயிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். இவர் முகத்தில் ரிட்டையர் ஆன பிறகு வீட்டார் பார்த்திராத ஒரு தெளிச்சி வந்தது. ரிஜெக்‌ஷன் வந்துவிட்டது, இனிக் காரணம் கண்டுபிடிக்கலாம்! மெல்லிய விளிம்பு முன்னால் காய்ந்து சுருங்க, தடித்த அடி ஈரத்தோடு அப்படியே நிற்க, நடுவில் மண் கிழிந்திருக்கிறது. கனத்த பக்கமும் மெல்லிய பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஆறினால் வார்ப்பிலும் இதே விரிசல்தான். இரண்டாவது சாடிக்குச் சுவர் கனத்தை ஒரே சீராக்கினார். ஈரத்துணியும் அதன்மேல் பாலிதீனும் போர்த்தி, காற்றுப் படாத மூலையில் வைத்து, வேளைக்கு ஒருமுறை திருப்பி வைத்தார். மகள் பிறந்தபோது தொட்டிலை இத்தனை தடவை எட்டிப் பார்க்கவில்லை என்று வீட்டம்மா எனக்குத் தனியாகச் சொன்னார்.

விரிசலில்லாமல் காய்ந்தது. ரேஸ்கோர்ஸ் நடைக்கு வருகிற கூட்டத்தில் ஒரு தமிழாசிரியர் உண்டு. சாடிக் கதையைக் கேட்டவர் கொடுமணலை இழுத்தார். நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1985 முதல் அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது, தமிழ் பிராமியில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஈராயிரம் வருஷத்துக்கு முந்திய பானைகளில் ஆதன் என்று பெயர் இருக்கிறது, நீங்களும் பெயர் எழுதுங்கள் என்றார் வாத்தியார். நம்மவருக்கு அதில் பிடித்தது வேறு சங்கதி. அங்கே இரும்பு உருக்கிய உலையும் கிடைத்திருக்கிறது. "அப்பவே நொய்யல்ல பவுண்டரி இருந்துருக்குதுங்க!" என்று நடையோரத்தில் நின்றே விட்டார். வீட்டுக்கு வந்து சாடியின் அடியில் ஆணியால் கீறினார்: லாட் 2, பீஸ் 1, தேதி, ஓகே. பெயர் எழுத இடமில்லை.

வண்ணமும் வார்னிஷும் பூசியாயிற்று. அப்போதுதான் பாக்கெட்டின் கடைசி வரியைப் படித்தார். தண்ணீர் ஊற்றக் கூடாதாம். சூளையில் சுடாத மண் நனைந்தால் இளகிவிடும், உலர்ந்த பூவோ காகிதப் பூவோதான் வைக்கலாம்.

இந்த இடத்தில் அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபோது வறண்ட கிணறுகளை வைத்திருந்த ஊர் இது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். நாட்டில் ஓடுகிற பம்புகளில் ஏறக்குறைய பாதி இங்கே செய்தவை என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். பாதாளத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிப் பழகிய மனிதர், அரைச் செம்புத் தண்ணீர் நிற்காத ஒரு சாமானைத் தன் கையால் செய்துவிட்டு எப்படித் தூங்குவார்? இன்னும் இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்து, ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தார். விடிந்ததும் டீப்பாய் மேல் ஒரு வெள்ளைக் குளம்.

அதைத் துடைத்துக்கொண்டே வீட்டம்மா சொன்னார். பிறந்த ஊர் உடுமலைப் பக்கம் அவருக்கு. "எங்கூருல மாட்டுப் பொங்கலுக்கு சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில்ல மண்ணுல மாடு செஞ்சு உருவாரம் வெப்பாங்க. அந்த மாடு பால் கறக்குதான்னு ஆராச்சும் செம்பு எடுத்துட்டுப் போவாங்களா?"

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். எழுந்து போய் ஹார்டுவேர் கடையிலிருந்து ஒன்றரை இஞ்சு பிவிசி பைப் ஒரு துண்டும் ஒரு எண்ட் கேப்பும் வாங்கி வந்தார். சால்வென்ட் தடவி அடைத்து, மூன்றாவதாகச் செய்த சாடிக்குள் இறக்கினார். தண்ணீர் நிரப்பி, மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டு, ஒரு ராத்திரி டெஸ்ட். மட்டம் இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை வந்திருந்தார்கள். ஆசாரத்தில் செவ்வந்தியோடு நின்ற சாடியைக் கொழுந்தியாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க மாமா. நாங்க புது ஊடு குடி போறப்ப இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஒண்ணுன்னா கட்டுப்படியாகாதுங்க அம்மிணி. பத்துப் பீசா எடுத்துக்கங்க, பாதி அட்வான்சு. ஜிஎஸ்டி தனி."