குழாய் திறக்கிற உத்தியோகம்

குரோய்டன், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

"பிராப்பர்ட்டி மேனேஜர்னா வாட்ச்மேன்தானே?" என்று மாமா கேட்டாராமே. வாட்ச்மேனுக்கு உட்கார ஒரு நாற்காலியாவது கொடுப்பார்கள் என்று சொல்.

ஐந்து மாடி ஆபீஸ் கட்டடம். காலையில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட வக்கீலுக்குச் சமாதானம். மத்தியானம் கூரை ஒழுகல். சாயங்காலம், புறா வலைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று சர்வீஸ் சார்ஜ் கணக்கைக் குடையும் ஆடிட்டர். வாடகையை இங்கே பல கம்பெனிகள் பழைய வழக்கப்படி வருஷத்துக்கு நாலு தவணையாகக் கட்டுகின்றன: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. ஆமாம், கிறிஸ்துமஸ் அன்றைக்கேதான்.

ஆனால் என் தலையாய வேலை குழாய் திறப்பது. மூன்றாவது மாடி காலி. பாதி ஊர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறது, யார் குடிவருவார்கள்? காலி மாடிக்கும் மூன்று மாதம் கழித்து வரி கட்டியாக வேண்டும். போதாததற்கு, புழங்காத குழாயில் லெஜியோனெல்லா என்று ஒரு கிருமி வளரும். 2002-ல் இங்கே பாரோ என்கிற ஊரில் 7 பேரைக் கொன்றது, விளையாட்டில்லை. அதனால் வாராவாரம் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சில நிமிஷம் ஓடவிட்டு, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பச்சைத்தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே, வெந்நீர் 50-க்கு மேலே இருக்க வேண்டும். உன் பிள்ளை எம்.பி.ஏ. படித்துவிட்டுத் தண்ணீருக்கு ஜுரம் பார்க்கிறான். சைக்கிளில் வருகிறவர்களுக்கென்று போட்ட ஷவர் ஒன்று உண்டு. அதில் குளித்தவனை நான் பார்த்ததில்லை. திவலை பறக்கக்கூடாது என்று அதன் தலைக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, கோட்டும் டையுமாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். லீவு வேண்டுமென்றால், யார் திறப்பார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

அத்தனையும் குடிக்கிற தண்ணீர் அம்மா. நீ லாரிக்கு புக் பண்ணிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் அதைச் சாக்கடையில் விட்டுச் சம்பளம் வாங்குகிறேன். இன்னமும் கை தானாக ஒரு பக்கெட்டைத் தேடுகிறது.

அந்தக் கிருமிக்குப் பிடித்த சூடு 20-லிருந்து 45 டிகிரி. படித்ததும் நம் மொட்டைமாடி சின்டெக்ஸ்தான் ஞாபகம் வந்தது. ஆள் விட்டுக் கழுவச் சொல். மூடி உடைந்திருந்தால் புதுசு வாங்கு. பணம் போட்டிருக்கிறேன்; அதை எடுத்துச் சீட்டுக் கட்டிவிடாதே.

அன்புடன்,
உன் பிள்ளை