ஒயின்ஷாப்பில் ஒயின் கேட்டவன் மேலிடத்துக்கு எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மேலிடத்துக்கு,

மதுரையிலிருந்து அடியேனின் வணக்கம். தங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் பக்கம் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிற வழக்கம் கிடையாது. தவிர, மாநிலம் முழுக்க ஒரே கடைக்காரர் இருக்கும்போது பெயர் எதற்கு? 1983இல் மொத்த வியாபாரத்தைக் கையில் எடுத்தீர்கள். 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையும் எடுத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து வியாபாரம் முழுக்கத் தங்களிடம். சில்லறை மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம் தங்கள் கம்பி வலைக்கு முன்னால் வரிசையில் நின்றேன். மெல்போர்னிலிருந்து மைத்துனர் வருகிறார். “மச்சான், நல்லதா ரெண்டு ஒயின் வாங்கி வைங்க, ரொம்ப வெல வேணாம்” என்று சொல்லியிருந்தார். ஊர் நிலவரம் மறந்துவிட்டது, பாவம். என் முறை வந்ததும் குனிந்து, “தம்பி, ஒயின் இருக்கா?” என்றேன். தம்பி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “டேய், சாருக்கு ஒயினாம்டா!” என்று அறிவித்தார். வரிசை மொத்தமும் திரும்பியது. “வீட்ல அக்காவுக்கா சார்?” என்று ஒருவர் பரிவோடு விசாரித்தார். “டாக்டரு எழுதிக் குடுத்துருப்பாருப்பா” என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். நான் ஓய்வுபெற்ற வாத்தியார். சிரித்தவர்களில் என் பழைய மாணவனும் இருந்தான். வணக்கம் வைத்துவிட்டுச் சிரித்தான், அதுவரைக்கும் மரியாதை.

தூசி படிந்த ஒரு பாட்டில் கம்பிக்குள்ளிருந்து வந்தது. “இது எந்த ஊரு ஒயின்?” என்றேன். “செவப்பு ஒயின் சார்.” “வேற எதாச்சும் இருக்கா?” “இதே தான், பெருசு இருக்கு.” அச்சிட்ட விலைக்குமேல் பத்து ரூபாய். “பத்து எதுக்கு?” “எல்லாத்துக்கும் பத்து தான் சார்.” பில் கேட்டேன். அன்று மாலை அந்த வரிசை அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான்.

மேலிடமே, அந்தப் பத்து ரூபாயைப் பற்றி அன்றைக்கு இரவெல்லாம் யோசித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஒயினின் ருசிக்குக் காரணமாக மண்ணைச் சொல்வார்கள், மலைச்சரிவைச் சொல்வார்கள், காற்று வீசும் திசையைக்கூடச் சொல்வார்கள். நம் ஒயினுக்கு அந்தத் தனிக்குணம் பத்து ரூபாயிலிருந்து வருகிறது. பெரிய பாட்டிலுக்கும் பத்து, சின்னதுக்கும் பத்து, திராட்சைக்கும் பத்து, கரும்புக் கழிவுக்கும் பத்து. இப்படி ஒரு சமத்துவத்தை வேறு எந்தத் துறையிலும் நான் பார்த்ததில்லை.

அடியேன் கேட்டது பெரிய சமாச்சாரம் இல்லை. போர்தோவோ ஷாம்பெயினோ கேட்கவில்லை. பண்டிகைக்கு ஒயின் வாங்கத் தெரிந்தவர்கள் உலகெங்கும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறினால் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு வருகிற கணக்கு. ஷாம்பெயினுக்கு ஊர்ப் பெயருக்கே பாதி விலை போய்விடும். அதேபோலப் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நுரைக்க வைத்து ஸ்பெயினில் செய்கிற காவா அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். மால்பெக் பிரான்சின் காஓரில் பிறந்த திராட்சை. அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்குப் போய், ஆண்டிஸ் மலையடிவாரத்தில் செழித்து, இன்று சொந்த ஊரைவிட அங்கேதான் பேர் வாங்கியிருக்கிறது. சிலியில் கார்மெனேர் என்ற திராட்சையை 1994 வரைக்கும் மெர்லோ என்று நினைத்தே விற்றுக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்த பிறகும் அது விலை குறைந்த நல்ல ஒயினாகவே இருக்கிறது. போர்ச்சுகலின் வின்யோ வெர்தே லேசானது, மெல்லிய நுரை உண்டு, போதையும் குறைவு. தென்னாப்பிரிக்காவின் ஷெனின் பிளாங்க்கில் துளி இனிப்பு மிச்சமிருக்கும் வகையை எடுத்தால், நம் மட்டன் சுக்காவின் மிளகுக்கும் அயிரை மீன் குழம்பின் புளிக்கும் சண்டை வராது. துவர்ப்பு மிகுந்த கெட்டிச் சிவப்பு ஒயினைக் கறிதோசையோடு குடித்தால் மிளகாய்க் காரம் இரண்டு மடங்காகும். இதையெல்லாம் தங்கள் கவுண்டரில் யாராவது சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கிற தூரத்திலாவது என்னை நிற்க விட்டால் போதும். அந்தக் கம்பி வலை, மேலிடமே, எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குக்கூட ஒரு விரல் இடைவெளி தருவதில்லை.

விலை விஷயத்தில் குற்றம் முழுக்கத் தங்களுடையது அல்ல என்பதையும் பணிவோடு ஒப்புக்கொள்கிறேன். டெல்லியும் உண்டு. இறக்குமதி ஒயினுக்குச் சுங்க வரி 150 சதவீதம். 400 ரூபாய்க்கு இந்தியத் துறைமுகத்துக்கு வருகிற பாட்டில், துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது 1000 ரூபாய். அதன்மேல் மாநில ஆயத்தீர்வை, வாட், லாரி வாடகை, கடை லாபம். எல்லாம் ஏறி மதுரைக்கு வந்து சேரும்போது அந்த நானூறு ரூபாய்ச் சரக்கு பெரிய மனுஷன் ஆகிவிடுகிறது. அப்புறம் பத்து ரூபாய்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிற இந்திய-ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தின்படி, பாட்டில் 5 அமெரிக்க டாலருக்கு மேல் உள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி உடனே 100 சதவீதமாகக் குறைந்தது. பத்து ஆண்டுகளில் படிப்படியாக அது 50 சதவீதத்துக்கு இறங்கும். 15 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்குத் தொடக்கமே 75 சதவீதம், முடிவில் 25. ஐந்து டாலருக்குக் கீழே சலுகையே கிடையாது. அதாவது, மைத்துனர் சொன்ன ‘ரொம்ப வெல வேணாம்’ ஒயினுக்கு ஒன்றுமில்லை, பணக்கார ஒயினுக்குக் கூடுதல் சலுகை. ஆனாலும் கணக்குப்படி நடுத்தர ஆஸ்திரேலிய ஷிராஸ்தான் இன்று இந்தியாவில் வெளிநாட்டு ஒயினில் கொடுத்த காசுக்குப் பெறுமானம். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு ஊரின் குளிர்சாதன வசதியுள்ள கடைக்குப் போனேன். குளிர்சாதனம் வேலை செய்தது, வாசலில் நின்ற காவலருக்கு. ஒயின் பாட்டில்கள் வெயில் விழும் கண்ணாடி ஓரம், நட்டக் குத்தலாக, வீரர்கள் மாதிரி நின்றன. ஷிராஸ் கேட்டேன். “விஸ்கில கேக்குறீங்களா சார்?” என்றார்கள். 

தங்களைப் புகழத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கொஞ்சம் இறங்கிப் பேச வேண்டியிருக்கிறது. 2023-24ஆம் ஆண்டு மட்டும் தங்கள் கல்லா வழியாக அரசு கஜானாவுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அந்தக் காசைக் கொடுத்தவன் மூத்திர நாற்றத்தில் நின்று, கம்பிக்குள் கையை விட்டு, கொடுத்ததை வாங்கி, மிச்சம் கேட்டால் திட்டு வாங்கி, ரோட்டோரம் நின்று குடித்து, அங்கேயே விழுகிறான். அவன் பெண்டாட்டி விடியற்காலை பூக்கட்டி, இட்லி அவித்து, வீடு கூட்டி அந்த வீட்டை ஓட்டுகிறாள். இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் வாங்கப் போனவனை ஆளாக மதிக்க வேண்டாமா? கேட்டதைக் கொடுக்க வேண்டாம், என்ன கொடுத்தீர்கள் என்றாவது ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரக் கூடாதா? எந்த மளிகைக் கடைக்காரன் இப்படி நடத்தினாலும் அடுத்த மாதம் கடையை மூடிவிட்டுப் போவான். அடுத்த கடை என்று ஒன்று இருக்கும் ஊரில்தான் அந்தப் பயம் இருக்கும்.

மன்னிக்கவும். நாக்கு கொஞ்சம் சுள்ளென்று போய்விட்டது. தங்கள் சேவை ஈடு இணையற்றது. இணை இருக்கவும் சட்டத்தில் இடமில்லை.

எங்கள் ஊர்ப் பெருமையையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு பாண்டியன். அவனை வாழ்த்தி நக்கீரனார் பாடிய பாட்டு புறநானூற்றில் 56ஆவதாக இருக்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் நாளும் அருந்தச் சொல்கிறார் புலவர். வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய அதே காலத்தில் யாரோ ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிவைத்த கடல்வழிக் கையேடு, ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’, குஜராத்தின் பரூச் துறைமுகத்துக்கு என்ன ஒயின் கொண்டுபோனால் விலைபோகும் என்று வரிசைப்படுத்துகிறது: இத்தாலி ஒயினுக்கு முதலிடம், அப்புறம் லவோதிக்கேயா, அரேபியா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் ஒயின் கேட்டவனுக்கு மூன்று ஊர்ச் சரக்கு கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது ‘செவப்பு’. நன்மாறனிடம் பத்து ரூபாய் கூட வாங்கியதாகப் புறநானூற்றில் எங்கும் இல்லை.

யவனக் கப்பலை விடுங்கள், எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பக்கம் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் வகையைத்தான் நாம் பன்னீர் திராட்சை என்கிறோம். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை அறுக்கிற திராட்சையைச் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் வருஷம் முழுக்க அறுக்கிறார்கள். விலை விழுகிற மாதங்களில் ஒயின் ஆலை வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். நாசிக்கில் 1999இல் சுலா தொடங்கியபோது அங்கேயும் திராட்சை என்றால் தின்கிற பழம்தான். இன்று வண்டி பிடித்துப் போய்க் காசு கொடுத்து ருசி பார்க்கிறார்கள். கம்பத்துப் பன்னீரில் நல்ல இனிப்பு ஒயின் செய்யலாம். பண்டிகை கேக்குக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஆனால் அந்தத் திராட்சை மதுரைக்குத் தள்ளுவண்டியில் வருகிறது. தங்கள் கவுண்டருக்கு வருவதில்லை.

வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் தெருவிலேயே கிறிஸ்தவ வீடுகளில் பாட்டிமார் பீங்கான் ஜாடியில் பன்னீர் திராட்சை, சீனி, ஒரு கைப்பிடி கோதுமை போட்டு, துணி கட்டி வைத்து, கிறிஸ்துமஸுக்குத் திறந்தார்கள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் பார்வையில் அந்தப் பாட்டி உரிமம் இல்லாமல் மது தயாரித்த குற்றவாளி. தேவாலயப் பூசைக்கு மட்டும் உரிமத்தோடு வழி உண்டு. ஆக, ஒரு தமிழன் நல்ல ஒயினைச் சட்டப்படி ருசிக்க இரண்டே வழி: ஒன்று பாதிரியாராக வேண்டும், அல்லது பாண்டியனாகப் பிறந்திருக்க வேண்டும்.

பத்து ரூபாய்க்குத் திரும்பி வருகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீலகிரியில் 2022 முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். உயர் நீதிமன்றம் சொன்னதால் வந்த ஏற்பாடு, காட்டில் யானைக் காலில் கண்ணாடி குத்தாமல் இருக்க. அருமையான திட்டம். அதில் நான் வியப்பது ஒன்றுதான்: வாங்கிய பத்தைத் திருப்பிக் கொடுக்கத் தங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது!

வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கியது பத்துக் குறள். குறளுக்கு ஒரு ரூபாய் ராயல்டி என்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைத்தால் கொடுக்கும்போது வலிப்பதில்லை. அவர் நினைவாக, திருவள்ளுவர் தினமான மாட்டுப் பொங்கலன்று மாநிலம் முழுக்கக் கடையை அடைக்கிறீர்கள். அந்த ஒரு நாள் தங்கள் மரியாதைக்கு எந்த நாட்டு அரசும் ஈடில்லை. முந்தின நாள் ராத்திரி வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் வள்ளுவர் கன்னியாகுமரியில் நின்றபடி பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆகவே விண்ணப்பம் இவ்வளவுதான். கடை வாசலில் ஒரு விலைப் பலகை, நின்று படிக்கிற உயரத்தில். ஒயின் பாட்டில்களை நிழலில் படுக்க வைக்க ஒரு மர அலமாரி. பெயருக்கு ஒரு கம்பத்து ஒயின். வாங்கியதற்குப் பில். இதற்கெல்லாம் அமைச்சரவைக் கூட்டம் தேவையில்லை, ஒரு தச்சரும் ஒரு பெயிண்டரும் போதும். செலவுக்கு நிதி இல்லை என்றால், மதுரை மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் ராத்திரி சேர்கிற பத்து ரூபாய்களை எடுத்துக்கொள்ளலாம், மிச்சமே வரும்.

இப்படிக்கு,
தங்கள் வரிசையில் சிரிக்கப்பட்டவன்.

பின்குறிப்பு, வாசகர்களுக்கு: வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரைக் கேளுங்கள், ஆளுக்கு 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம், இரண்டு பாட்டில் ஒயின் தாராளமாக அடங்கும். இங்கேதான் வாங்க வேண்டும் என்றால் நாசிக், நந்தி மலை ஒயின்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சுங்க வரி அதில் இல்லை. வெயிலில் நின்ற பாட்டில், கார்க் மேலே எழும்பிய பாட்டில் இரண்டையும் தொடாதீர்கள். சிவப்பு ஒயினானாலும் மதுரைச் சூட்டுக்கு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் திறக்க வேண்டும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்க விருந்தாளி வருகிறார் என்றால் பொங்கலுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மாட்டுப் பொங்கலன்று கடை இல்லை.