ஓட்டுக்கு ஒரு குதிரை வைத்தியம்

தேர்தல் இலவசத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாம்தான் என்று வெளியூரில் நமக்கு ஒரு பெயர் உண்டு. டி.வி., மிக்ஸி, கிரைண்டர் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்கள். அவர்கள் யாரும் அமெரிக்க வேளாண் துறையின் சரித்திரத்தைப் புரட்டியதில்லை. அங்கே நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே எம்.பி.க்கள் வாக்காளர் வீட்டுக்கு டர்னிப் விதை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடவே, படித்துத் தெளிய ஒரு கனத்த புத்தகம். மிக்ஸியாவது சட்னி அரைக்கும்.

பிள்ளையார் சுழி போட்டவர் ஹென்றி எல்ஸ்வொர்த். 1836-ல் காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆணையர் ஆனவர். காப்புரிமைக்கும் விதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் வேளாண் துறை என்று ஒன்று கிடையாது, ஆசை இருந்தவர் எடுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த விதைகளை எம்.பி.க்களின் தபால் சலுகையில் ஊர் ஊராக அனுப்பினார். 1839-ல் காங்கிரஸ் மனமிரங்கி ஆயிரம் டாலர் ஒதுக்கியது (காங்கிரஸ் என்றால் அந்த ஊர் நாடாளுமன்றம், கதர்ச் சட்டை நினைவு வேண்டாம்). விதை வாங்கவும் விவசாயப் புள்ளிவிவரம் திரட்டவும் எல்லாம் அந்த ஆயிரத்துக்குள்தான். காப்புரிமை அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் விவசாயத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கப்போய், அது வருஷத்துக்கு வருஷம் வீங்கி, கடைசியில் தனி வால்யூமாகவே பிரிந்தது. எந்திரத்துக்கு உரிமை கேட்டு வந்தவன், மாட்டெரு பற்றிப் படித்துக்கொண்டு திரும்பினான்.

தபால் சலுகை சாதாரண சமாசாரம் இல்லை. உறையின் மூலையில் தபால்தலை ஒட்டும் இடத்தில் எம்.பி. கையெழுத்துப் போட்டால் போதும், கடிதம் காசில்லாமல் போய்ச் சேரும். அழுக்குச் சட்டையைக்கூட வெளுத்து வர இப்படித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஊர் சிரித்ததில் 1873-ல் சலுகையையே ஒழித்தார்கள். நல்ல பிள்ளையாக எத்தனை நாள் இருக்க முடியும்? 1875-ல் சலுகை மெல்லத் திரும்பியது, முதல் பந்தியிலேயே இடம்பிடித்தவை நாடாளுமன்ற விவாதப் பதிவு, விதை, வேளாண் அறிக்கை. மனைவிக்குக் கடிதம் எழுதினால் தபால்தலை ஒட்டவேண்டும்; வாக்காளருக்கு முள்ளங்கி விதை அனுப்பினால் வேண்டாம்.

நடுவில் 1862-ல், உள்நாட்டுப் போரின் களேபரத்தில், லிங்கன் வேளாண் துறையைத் தொடங்கி வைத்தார். முதல் ஆணையரின் பெயர் ஐசக் நியூட்டன். ஆப்பிள் விழுந்தவர் இல்லை, இவர் பென்சில்வேனியாப் பால்பண்ணைக்காரர். வெள்ளை மாளிகைக்கு வெண்ணெய் கொடுத்தவர். சிபாரிசு உருகி வழிந்தது என்று எதிரிகள் சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷன் வேலையில் சோடை போகவில்லை. 1866 கோடையில் மழை வருவதுபோல் இருக்க, சோதனை வயலில் அறுத்துப் போட்ட கோதுமை நனைந்துவிடுமே என்று தொப்பியும் கோட்டுமாக ஓடினார். வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்தவர், அதிலிருந்து முழுசாக எழவேயில்லை; அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்தத் துறைக்காக வியர்வை சிந்திய தலைவர்கள் வரிசை அவரோடு தொடங்குகிறது. எங்கே முடிகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிறகு காகிதம் பெருகியது. 1887-ல் வந்த ஹாட்ச் சட்டம் மாநிலந்தோறும் ஆராய்ச்சி நிலையம் வைக்கப் பணம் கொடுத்தது. கூடவே ஒரு கொக்கி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பிரசுரம் வெளியிட வேண்டும், மாநிலத்திலுள்ள ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் ஒரு பிரதி, கேட்கிற விவசாயிக்கு ஒரு பிரதி, தபால் செலவு கிடையாது. மூன்று மாதத்தில் விளைவது கீரை. ஒரு ஆப்பிள் ரகம் தேறுமா தேறாதா என்று பார்க்கவே பல வருஷம் பிடிக்கும். ஆனால் சட்டம் சட்டம்தான். நேற்று நட்ட கன்றைப் பற்றி இன்று எழுத ஏதாவது கிடைக்குமா என்று பேராசிரியர்கள் வயல் வரப்பில் நோட்டும் கையுமாக நின்றார்கள்.

1889-ல் மத்தியத் துறை தன் பங்குக்கு விவசாயிகளுக்கான புல்லட்டின் வரிசையைத் தொடங்கியது. முதலாம் எண் எதைப் பற்றி? களையா, பூச்சியா? இல்லை. ஆராய்ச்சி நிலையம் என்றால் என்ன, அது எதற்கு என்பது பற்றி. எந்த நாட்டு அரசுத் துறையானாலும் முதலில் திறப்பது தன்னைப் பற்றிய அத்தியாயத்தைத்தான்.

ஆனால் பின்னால் வந்தவை நிஜமாகவே நல்ல பிரசுரங்கள். தெளிந்த நடை, கைக்கடக்கம், படம். 1911-ல் வந்த 463-ஆம் எண் சுகாதாரமான கக்கூஸ் கட்டுவது எப்படி என்று அளவோடு சொன்னது. தென் மாநிலங்களில் கொக்கிப்புழு ஆளை உருக்கிக்கொண்டிருந்த காலம், டைஃபாய்டு வேறு. அந்தச் சிறு புத்தகம் உயிர் காக்கிற சமாசாரம். என்ன, உறையின் மேலே மாண்புமிகு எம்.பி.யின் கையெழுத்து, உள்ளே மலக்குழியின் வரைபடம்.

எம்.பி. எப்படி உள்ளே வந்தார் என்றால், சட்டத்தின் வழியாகத்தான். அச்சாகும் புல்லட்டின்களில் ஐந்தில் நான்கு பங்கு எம்.பி.க்கள் மூலமாகவே போக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். வேளாண் ஆண்டுமலருக்கும் அதே கதை. 1895-ஆம் வருஷத்துச் சட்டப்படி 5,00,000 பிரதி: செனட்டுக்கு 1,10,000, கீழவைக்கு 3,60,000. மிச்சம் 30,000 பிரதி, எழுதித் தயாரித்த துறைக்கு. சமைத்தவருக்குப் பாத்திரத்தில் ஒட்டியது.

பட்டுவாடா இப்படி நடக்கும். எம்.பி.யின் குமாஸ்தா பிரசுரப் பட்டியலை அச்சடித்துத் தொகுதிக்கு அனுப்புவார். வாக்காளர் வேண்டிய எண்ணுக்கு நேரே பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். குமாஸ்தா முகவரிச் சீட்டு எழுதி, துறைக்குத் தள்ளிவிடுவார். மடித்துக் கட்டி அனுப்ப கீழவைக்கென்று ஒரு தனிக் கூடமே இருந்தது, அதற்கொரு கண்காணிப்பாளரும் உண்டு. இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் நியூயார்க் நகரத்து எம்.பி. அவர் தொகுதியில் மண் என்பதே ஜன்னலோரத் தொட்டியில்தான். ஆகவே தன் பங்கைக் கிராமத்து எம்.பி.யிடம் தள்ளிவிட்டு வேறு அரசாங்கப் புத்தகம் வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. 1916-ல் மூட்டைப்பூச்சி பற்றி 754-ஆம் எண் வந்தபோதுதான் நகரத்து எம்.பி.க்கு உபயோகமான ஒரு பிரசுரம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு முன்பே, இலவச விதையை எதிர்த்து ஒருவர் கிளம்பினார். ஜே. ஸ்டெர்லிங் மார்ட்டன், 1893-ல் வேளாண் அமைச்சர். மரம் நடும் நாளை ஆரம்பித்து வைத்த நெப்ராஸ்காக்காரர். நாடு முழுக்க மரம் நடச் சொன்னவருக்கு நாடு முழுக்க விதை கொடுப்பது பிடிக்கவில்லை. காரணம் நியாயமானது: சட்டம் சொன்னது அபூர்வமான, இந்த மண்ணுக்குப் புதிதான விதை, பொட்டலத்தில் போனது கடையில் கிடைக்கிற டர்னிப். சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு விதை கொள்முதலையே நிறுத்தினார். விதை வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டில் சும்மா கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? எம்.பி.க்கள்தான் கொதித்துப்போனார்கள். கட்சி பேதமில்லாமல் இந்த ஒரு விஷயத்தில் தேச ஒற்றுமை ஓங்கி, 1896-ல் தீர்மானம் போட்டு, வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அமைச்சரைப் பணித்தார்கள். மார்ட்டன் வாங்கினார். ஐந்து காய்கறி விதை அடங்கிய பொட்டலங்கள் கோடிக்கணக்கில் பறந்தன. இலவச விதை ஒழிய 1920-கள் ஆயிற்று.

அச்சுக் காகிதத்தை நம்பாத ஒரே ஆள் சீமன் நாப். 1882-ல் ஆராய்ச்சி நிலையச் சட்டத்துக்கு முதல் வரைவு எழுதியவரே இவர்தான். அதாவது பிரசுர வெள்ளத்துக்கு மதகைத் தொட்டவர். வயதான காலத்தில் ஞானம் வந்தது. 1903-ல் டெக்சாஸின் டெரல் என்ற ஊரில், பருத்திக் கூன்வண்டு விவசாயியின் வயிற்றிலடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு விவசாயியின் சொந்த நிலத்தில் அவர் கையாலேயே புதுமுறையில் பயிர் செய்ய வைத்தார். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட உள்ளூர்க்காரர்கள் பணம் போட்டு வைத்திருந்தார்கள். லாபம் வந்தது. காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும்கூட விவசாயி சந்தேகப்படுவான், தானே செய்ததைச் சந்தேகப்பட மாட்டான் என்பது நாப்பின் கட்சி.

இந்தக் கட்சி ஜெயித்து, 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. வேளாண் விரிவாக்கம் என்று நாம் இன்று சொல்வதற்கு அமெரிக்காவில் அதுதான் அஸ்திவாரம். கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு ஏஜெண்ட் வயலுக்கே போய்ச் செய்து காட்ட வேண்டும். பேராசிரியரையும் விதைச் சோளத்தையும் ஒரே ரயிலில் ஏற்றி ஊர்வலம் விடும் பழைய வேடிக்கைக்குப் பணம் கிடையாது என்று சட்டமே தடை போட்டது. சரி, காகிதத்துக்கும் தடை விழுந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதே சட்டத்தில் இன்னொரு வரி: ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு பிரசுரம் அச்சடிக்கவும் அனுப்பவும்.

இத்தனை பிரசுரங்களிலும் வாக்காளர்கள் விழுந்து விழுந்து கேட்டது 1890-ல் வந்த குதிரை நோய்கள் பற்றிய சிறப்பு அறிக்கைதான். ஐந்நூறு பக்கத்துக்கு மேல். வயிற்றுவலி, நொண்டல், லாடம் என்று வால்வரைக்கும் வைத்தியம். எம்.பி. பெயரை மறந்தவனும் அவர் அனுப்பிய குதிரைப் புத்தகத்தை மறக்கவில்லை. திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். 1908-ல் ஃபோர்டு தன் மாடல் டி காரை இறக்கினார். 1911-ல் குதிரைப் புத்தகம் மறுபடி வந்தது. வயலுக்கு டிராக்டர் வந்தது, 1923-ல் மறுபடி. 1942-ல் டெட்ராய்ட்டின் கார்த் தொழிற்சாலைகள் ராத்திரி பகலாக டாங்கிகளைச் செய்து தள்ளிக்கொண்டிருந்தபோது, வாஷிங்டனில் அரசு அச்சகம் குதிரை நோய்களின் திருத்திய பதிப்பை வெளியிட்டது.