விலை மட்டும் கேட்பவர்

வெள்ளி விலை ஏறிய மறுநாள் காலை மதுரை தெற்காவணி மூல வீதியில் நின்று பாருங்கள். கக்கத்தில் மஞ்சள் பை, அதற்குள் சுருக்குப் பை, அதற்குள் மடித்த காடாத் துணி, துணிக்குள் ஏழெட்டு வெள்ளி ரூபாய் என்று ஒரு பெரியவர் வந்துகொண்டிருப்பார். விற்க வருகிறார் என்று நினைத்தால் நீங்கள் அந்தத் தெருவுக்குப் புதுசு. அவர் விலை கேட்க வருகிறார்.

கடைக்காரர்களுக்கு இது தெரியும். "வாங்கய்யா, டீ சொல்லவா?" என்பார்களே தவிர, தராசுப் பக்கம் கை போகாது.

"இது என்ன போகும் தம்பி?"

தம்பி கணக்காகத்தான் சொல்வார். பழைய ரூபாய் ஒன்று 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கடை பாஷையில் 91.6 டச். ஆக, காசுக்குச் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய விலையால் பெருக்கி, உருக்குகிற செலவைக் கழித்து ஒரு தொகை சொல்வார்.

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் எடையை மட்டும் விசாரித்துவிட்டு பஜ்ஜியில் கை வைத்தால் தகப்பன் முகம் எப்படிப் போகும்? அப்படிப் போகும் இவர் முகம்.

"உருக்கப் போறீங்களா? தம்பி, இது விக்டோரியா மகாராணி. 1862!"

1862 என்ற வருஷத்தை மாற்றாமலே 1874 வரை அடித்துத் தள்ளினார்கள்; அதனால் அந்த வருஷத்து மகாராணி மூலைக்கு மூலை கிடைப்பார். இது பெரியவருக்குத் தெரியாததல்ல. விலையைக் குறைக்கும் தகவல் மட்டும் அவர் ஞாபகத்தில் தங்குவதில்லை, அவ்வளவுதான். விலையை ஏற்றும் தகவல்கள் வருஷ வாரியாக இருக்கும். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஜனங்கள் கொதித்ததும், அரசாங்கம் காசைத் திரும்ப வாங்கி உருக்கியதும், 1939 ரூபாய் அபூர்வம் என்பதும் மனப்பாடம். இரண்டுமே அவர் பையில் இல்லை என்பது வேறு விஷயம்.

பையில் இருப்பது வேறொன்று. ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818ஆம் வருஷத்துச் செப்புக் காசு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அடித்தது, அரிசியை இழுக்கும், கோடி பெறும் என்று வாட்ஸப்பில் வந்திருக்கிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை; பிற்காலத்தில் யாரோ செய்து விற்றது. பெரியவரோ அது அரிசியை இழுக்கிறதா என்று பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தவர். இழுக்கவில்லை. பச்சரிசி வைத்தது தப்போ என்று இன்னும் யோசனை.

சரி, சேகரிப்பவர்கள்தானே அருமை அறிந்தவர்கள் என்று நாணயக் கண்காட்சிக்குப் போவார். அங்கே ஒரு இளைஞர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

"ஐயா, புளி போட்டுத் தேச்சிருக்கீங்களே."

"ஆடி வெள்ளிக்கு வெள்ளி வெளக்காம இருக்க முடியுமா தம்பி?"

தேய்க்காத காசுக்குத்தான் அங்கே மரியாதை. பளபளப்பைப் பார்த்தால் சேகரிப்பவர் பயந்துபோவார். இன்னொன்றில் காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த தழும்பு. மற்றவற்றில் இரண்டு 1944. 1940 முதல் ரூபாயில் பாதிதான் வெள்ளி.

இந்த இடத்தில் பெரியவர் கட்சி மாறுவார். "என்ன தம்பி, வெள்ளி எடைக்குக்கூடத் தேறாதுன்னு சொல்வீங்க போலிருக்கே!" வெள்ளிக் கடையில் சரித்திரம், சரித்திரக்காரரிடம் எடை. இரண்டு இடத்திலும் அவர் பேசுவது நியாயம், இடம்தான் மாறிப்போகிறது.

அவருடைய சந்தேகத்தையும் முழுசாகத் தள்ள முடியாது. உரசிக்கூடப் பார்க்காமல் "எண்பது டச்தான் தேறும்" என்று அடித்துப் பேசுகிற கடைகள் இருக்கவே இருக்கின்றன. நாலு கடை ஏறி இறங்குவது புத்திசாலித்தனம். தேய்ந்ததை எடைக்கும், நல்லதைச் சேகரிப்பவருக்கும் பிரித்துக் கொடுத்தால் கூடுதலாகவே கிடைக்கும். அதைச் சொல்லிப் பாருங்கள்: "பிரிக்கிறதா? எங்க அப்பா சேத்து வச்சதுய்யா. குடுத்தா மொத்தமாத்தான்."

ஒருநாள் விபரீதம் நடந்தது. புதிதாகக் கடை போட்ட ஒரு பையன், அனுபவம் போதாதவன், "நீங்களே ஒரு விலை சொல்லுங்கய்யா" என்றான். பெரியவர் சொன்னார். துணிந்து சொன்னார். பையன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரிங்கய்யா, எடுத்துக்கிறேன்" என்று கல்லாவைத் திறந்துவிட்டான்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். காசுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். துணியை மடித்தார், சுருக்குப் பையை இறுக்கினார், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று படி இறங்கினார். நேரே எதிர்க் கடை.

"தம்பி, இப்பத்தான் ஒருத்தன் இந்த வெலைக்குக் கேட்டான், நான் குடுக்கல. கேட்ட ஒடனே தர்றான்னா இதுல என்னமோ இருக்குல்ல? நீங்க என்ன சொல்றீங்க?"