ஒத்தைப் போனு வாங்காதே, மருமவனே!

மருமவனே, லெஸ்டர்ல இருந்து நீ அனுப்பின படத்தைப் பாத்தேன். கருப்புப் போனு, உச்சி மண்டையில வரிசையா பொத்தான். "மாமா, இது சாதாரணப் போனு இல்லே, லைனை எக்ஸ்டென்ஷனுக்கு மாத்துற போனு, ரொம்ப அபூர்வம்"னு எழுதிருக்கே. அபூர்வந்தான். ஆனா உன்னை மாதிரி ஒரு ஆளு பழைய சாமான் சந்தைக்கு வாரது அதைவிட அபூர்வம்லா? வித்தவன் இந்நேரம் சாமிக்குப் பொங்கல் வச்சிருப்பான்.

சரி, காசு போனது போச்சு. தந்தி ஆபீசுல கம்பி இழுத்த கை இது. சொல்லுததைக் காதுல வாங்கிக்க.

மாடு பிடிக்கப் போறவன் கொம்பைப் பாத்தா விலை சொல்லுதான்? வாயைத் தொறந்து பல்லைல்லா பாப்பான். போனையும் மல்லாக்கப் போட்டு அடித்தகட்டைப் பாரு. அங்க பிரிட்டிஷ் தபால் இலாகா குத்துன ஒரு நம்பர் இருக்கும். 162-ன்னு இருந்தா 1929-ல வந்த சாதி. அதுக்கு வயித்துக்குள்ள மணி கிடையாது, தனிப்பெட்டியில மணி. 332-ன்னா 1937-ல வந்தது, மணி உள்ளேயே இருக்கும், முன்னால நம்பர் எழுதிவைக்கச் சின்ன இழுப்பறை. அந்த வடிவத்துக்கு மூலம் நார்வேக்காரர் ஜான் ஹைபெர்க் எரிக்சன் கம்பெனிக்கு உருவாக்கினது. வெள்ளைக்காரனும் அடுத்தவன் வீட்டுத் தோசைதான் திங்கான், பாத்துக்க. 706-ன்னா 1959, 746-ன்னா 1967. நம்பருக்குப் பின்னால 'எல்' இருந்தா டயல்ல எழுத்தும் இலக்கமும் சேந்திருக்கும். லண்டன், மான்செஸ்டர் மாதிரி பெரிய ஊருகள்ல எக்ஸ்சேஞ்சு பேரோட முதல் மூணு எழுத்தைச் சுத்தித்தான் கூப்பிடணும். ஸ்காட்லாந்து யார்டு போலீசுக்கு அப்போ ஒயிட்ஹால் 1212. 'எஃப்'னு இருந்தா வெறும் இலக்கம். அறுபதுகளோட பிற்பாதியில எல்லா ஊரும் இலக்கத்துக்கு மாறுனாங்க. ரெண்டும் இல்லாம 'சி.பி.'னு இருந்தா டயலே கிடையாது. எக்ஸ்சேஞ்சுல உக்காந்திருக்க அம்மாகிட்ட கேட்டு வாங்கிப் பேசுதது.

இனி உன் பொத்தானுக்கு வருவோம். பொத்தான் இருக்கதெல்லாம் எக்ஸ்டென்ஷன் போனுன்னு நினைச்சியோ? அங்கதான் உன்னை மடக்கிட்டான். 328-ன்னு ஒண்ணு உண்டு, அதுலயும் பொத்தான்தான். ஆனா அது மணியை அடிக்க விடவும் நிறுத்தவும் மட்டும். ராத்திரி நிம்மதியா உறங்குததுக்கு. லைனு எங்கயும் மாறாது. இன்னொண்ணு, ரெண்டு வீடு ஒரே லைனைப் பங்கு போட்டுக்கிட்ட காலத்துப் போனு. யாரு கணக்குல காசு ஏறணும்னு எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியணும்லா? அதுக்கு ஒரு பொத்தானை அமுக்குனாத்தான் டயல் சத்தம் வரும். அதுலயும் 'எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடு'ன்னு எழுதிருக்கும். அதைக் காட்டி "ஆபீசு மானேஜரு போனு சார்"னு உன்னை மாதிரி ஆளுகிட்ட இரட்டை விலை வாங்கிருவான்.

எழுத்தை நம்பாதே. பொத்தான் மூடி கழட்டி மாட்டுத சாமான். ஒரு போனு மூடி இன்னொண்ணுக்கும் போவும். ஓட்டைக் கழட்டி உள்ள பாரு. எக்ஸ்டென்ஷன் மாத்துற போனா இருந்தா பொத்தானுக்கு அடியில அடுக்கடுக்கா உலோகப் பட்டை நிக்கும்; அமுக்கினா ஒரு பட்டை ஒண்ணை விட்டு இன்னொண்ணைத் தொடணும். வெளிய வார வயரையும் எண்ணு. சாதாரணப் போனுக்கு மூணு நாலு கம்பி போதும். இதுக்குக் கத்தையா வரும். உன் படத்துல கத்தையை ஒட்ட நறுக்கிருக்கான். சுவத்துல இருந்து அவசரமா பிச்சுருக்கான்னு அர்த்தம்.

பிச்ச கதையும் கேளு. அந்த நாட்டுல அப்போ போனு யாருக்கும் சொந்தமில்லே. 1912-ல தபால் இலாகா கிட்டத்தட்ட நாடு முழுக்க எடுத்துக்கிட்டதுல இருந்து (ஹல் பட்டணம் மட்டும் மசியலே), 1981-ல பிரிட்டிஷ் டெலிகாம் தனியாப் பிரியுத வரைக்கும், போனுன்னா இலாகாவோட சொத்து, நீ வாடகைக்காரன். உன் பரண்ல இருக்கதுல பாதி கணக்குப்படி இலாகாவுக்குத் திருப்பிக் குடுக்க வேண்டியது. பயப்படாதே, கேக்க வாரவன் எவனுமில்லே. திரும்பி வந்த போனையும் இலாகா தூரப் போடலே. பட்டறையில கழுவி, ஒண்ணோட ஓட்டை இன்னொண்ணுக்கு மாட்டி, மறுபடி முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்கு அனுப்பும். அதனால அடித்தகட்டுல ஒரு வருசம், கைக்கருவியில ஒரு வருசம் இருந்தா "போலி"ன்னு குதிக்காதே. நிறத்துலதான் போலி. சிவப்பும் பச்சையும் தந்த நிறமும் கருப்பைவிடக் கொஞ்சமாத்தான் வந்துச்சு, விலையும் கூடத்தான். கருப்புக்குச் சாயம் பூசி வப்பான். ஓட்டோட உள்பக்கத்தைப் பாரு; உள்ளயும் அதே நிறமா இருந்தாத்தான் நிசம்.

இப்பச் சொல்லுதேன், நீ செஞ்ச பெரிய கூத்து எதுன்னு. இந்தப் போனை நீ ஒத்தையா வாங்கிட்டு வந்திருக்கே.

எக்ஸ்டென்ஷனுக்கு அங்க பிளான்னு பேரு, பிளானுக்கு நம்பர். 1ஏ-ன்னா ரெண்டு போனையும் ஒரே லைனுல சேத்துக் கட்டுதது. எவன் எடுத்தாலும் எவன் பேச்சையும் கேக்கலாம். குடும்பத்துல குழப்பம் உண்டாக்க அதைவிட நல்ல சாமான் வராது. 4-ன்னா அறைக்கு அறை குத்துவாய், போனைத் தூக்கிட்டுப் போய் சொருவிக்கலாம். 105, 107-ன்னு வாரதுதான் பொத்தான் வச்ச ராசாக்கள். வெளிய இருந்து வாரவனை மெயின் போனுக்காரி நிறுத்தி வச்சுட்டு, உள்ள இருக்க முதலாளியைப் பசருல கூப்பிட்டு, "இன்னார் லைனுல இருக்காரு, பேசுதீங்களா, ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொல்லவா?"ன்னு கேக்கலாம். முதலாளி பெரியாளுன்னு ஊரு நினைக்கும். பொத்தான் யாரு மேசையில இருக்கோ அவதான்லே பெரியாளு.

அப்போ மெயினு, எக்ஸ்டென்ஷன், பசர், பேட்டரி எல்லாம் சேந்தாத்தான் அது ஒரு சாமான். நீ பொத்தானை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு யாரை நிறுத்தி வைக்கப் போறே?

இன்னொரு விசயம். அங்க பழைய கம்பி லைனை 2027 ஜனவரியோட மூடுததா அறிவிச்சிருக்காங்க. டயலைச் சுத்துனா செகண்டுக்குப் பத்து வீதம் தட்டுத தட்டு, புது டிஜிட்டல் பெட்டி பலதுக்குப் புரியாது. மணி பத்துல நாலு பங்கு செகண்டு அடிச்சு, சின்னதா மூச்சு விட்டு, மறுபடி அடிக்கிற அந்த இரட்டை மணியும் தன்னால வராது. உன் சேக்காளிக்கெல்லாம் அலமாரியில பொம்மைதான் மிஞ்சும். ஆனா ஜோடியா வச்சிருக்கவன் தப்பிச்சான். உள்ளுக்குள்ள பேசுததுக்கு எக்ஸ்சேஞ்சு தயவு வேண்டாம், ஒரு பேட்டரி போதும். இலாகாவே செத்தாலும் மாடிக்கும் கீழுக்கும் பேச்சு நடக்கும். அதனால பளபளப்பைப் பாத்து வாங்காதே. வயரை அறுக்காம, ரெண்டாவது போனோட, பழைய வயர் படம் ஒட்டுன பெட்டியோட வந்தா தூசியா இருந்தாலும் தூக்கு. ஒத்தையா வந்தா, வித்தவன்கிட்ட "இதுக்குச் சோடி எங்கே?"ன்னு மட்டும் கேளு. முழிச்சான்னா பாதி விலைக்கு மேல பேசாதே.

உன் அத்தைக்கு மாடி ஏறி இறங்க முட்டு வலிக்கு. அப்படி நல்ல சோடி ஒண்ணு சிக்கினா எனக்கு ஒரு மெயின் அனுப்பு. எக்ஸ்டென்ஷனை நீயே வச்சுக்கன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா சோடியைப் பிரிக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? பெரியவன் பேச்சை மீறாதே, ரெண்டையும் சேத்தே அனுப்பிரு.