குடிபெயரும் குறிப்புகள்

மனுஷன் மறுபடியும் நோட்ஸ் ஆப்பை மாற்றிவிட்டார்.

சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு எந்தப் பக்கம் போனாலும், எந்த ஐடி அலுவலகத்திலும் இவரைப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். பதவியில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கடன் இன்னும் பாக்கி. ஒரு நாள் திடீரென்று, இத்தனை வருஷம் என்னதான் செய்தோம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அப்பா தலைமுறையில் அந்தக் கேள்வி வந்தவர்கள் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். இவர் புது ஆப் இறக்குகிறார்.

முதலில் எவர்நோட். யானைத் தலை போட்ட அந்த ஆப்பில் ரேஷன் கார்டு நகல் முதல் ரமண மகரிஷி வரை எல்லாவற்றையும் போட்டு வைத்தார். அப்புறம் நோஷன். அதில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு இமோஜி வைக்கலாம். ‘வாழ்க்கை இலக்குகள்’ பக்கத்துக்கு மலையா, ராக்கெட்டா என்று முடிவு செய்யவே ஒரு சனிக்கிழமை மதியம் போயிற்று. மலை வந்துவிட்டது, கீழே இலக்கு எழுத வேண்டிய இடம் இன்னும் காலி. பிறகு அப்சிடியன். “ஃபைல் எல்லாம் நம்ம லேப்டாப்லயே இருக்கும் பாஸ். நாளைக்கே கம்பெனியை மூடினாலும் கவலையில்ல.”

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போயிற்று. வுண்டர்லிஸ்ட்டை மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கி, 2020 மே மாதம் இழுத்து மூடியது. எவர்நோட்டும் 2023 கடைசியில், இலவசம் என்றால் 50 குறிப்புதான் என்று கையை விரித்தது. இத்தனை அடி வாங்கியவர் எதையும் நம்பாமல் இருப்பதில் தப்பில்லை.

ஆனால் அப்சிடியனோடு நிக்லாஸ் லூமானும் கூடவே வந்துவிட்டார். ஜெர்மன் சமூகவியலாளர்; சுமார் 90,000 காகித அட்டைகளில் குறிப்பெழுதி, எண் போட்டு ஒன்றோடொன்று இணைத்து வைத்தவர். டீக்கடையில் லூமான், லிஃப்டில் லூமான். அந்த அட்டைகளை வைத்து லூமான் ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார் என்பதை மட்டும் இவர் வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவார். இவருடைய குறிப்புகளும் புள்ளியும் கோடுமாகத் திரையில் மிதக்கத்தான் செய்கின்றன. நட்டநடுவில் இருக்கும் பெரிய புள்ளியைத் தொட்டால் ‘அப்சிடியனை அமைப்பது எப்படி’ என்று திறக்கிறது.

அதே வீட்டில் பால் கணக்கு, கேஸ் புக் பண்ணிய தேதி, மாமியாரின் சுகர் டெஸ்ட் எல்லாம் மாதக் காலண்டரில் பேனாவால் குறிக்கப்பட்டு ஒழுங்காக ஓடுகிறது. “என்னங்க, கார் இன்ஷூரன்ஸ் எப்ப முடியுது?” “இரும்மா, சிங்க் ஆயிட்டிருக்கு.” அந்த அம்மாள் காத்திருப்பதில்லை. காருக்குப் போய் பாலிசித் தாளையே பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்.



தன்னோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஏற்காடு போகலாம் என்று பழைய நண்பர்கள் பேசினால், வாட்ஸ்அப் குழு போதாதாம். ட்ரெல்லோ போர்டு வேண்டுமாம். எல்லோரும் கணக்குத் தொடங்கி, பாஸ்வேர்டு போட்டு, மெயிலைத் திறந்து உறுதி செய்ய வேண்டும். ‘ரூம்’ என்ற கார்டு நகர்ந்து நகர்ந்து ‘முடிந்தது’ பக்கத்துக்கே வந்துவிட்டது. ரூம்தான் யாரும் போடவில்லை. இருட்டிய பிறகு ஏரிப் பக்கம் குழந்தைகளோடு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியவர்களுக்கு இதில் சிரிப்பு வராது. அலுவலகத்திலும் இதே கதைதான். இவர் ஆப் மாற்றும் ஒவ்வொரு முறையும் வேலை தெரிந்த பிள்ளைகள் அதே டாக்குமெண்டுகளை ராத்திரி உட்கார்ந்து மறுபடி இடம் மாற்றுகிறார்கள். இவர் அந்நேரம் லிங்க்ட்இன்னில் ‘கவனச்சிதறல்’ பற்றி எழுதுகிறார். இதற்குப் பெயர் தேடல் இல்லை. அடுத்தவன் தூக்கத்தைக் கெடுப்பது.

இப்போது எமாக்ஸும் ஆர்க்-மோடும். ஆர்க்-மோடு கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் உருவாக்கியது. எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பு. “இதுதான் பாஸ் கடைசி” என்கிறார். உங்களிடமும் வருவார். “லேப்டாப்பைக் கொடுங்க, அஞ்சே நிமிஷத்துல செட் பண்ணித் தர்றேன்” என்பார். காபி கொடுங்கள், லூமானைப் பற்றிக்கூடக் கேளுங்கள். லேப்டாப்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.